மாத்திரை தொண்டையில் இறங்கிய பிறகு: தொழிலுக்குப் போகிறவர் உடம்பில் நடக்கும் மருந்துக் கணக்கு

கேள்வி: அப்பாவுக்கு 58 வயசு. தங்கச்சிமடத்திலிருந்து மீன்பிடித் தொழிலுக்குப் போறார். காலைல போனா மறுநாள் காலைலதான் கரை. சுகருக்கு மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 ரெண்டு வேளை, கிளிமெபிரைட் 1 காலைல. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40-ம் ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5-ம் சேர்ந்த ஒரே மாத்திரை. ஆஸ்பிரின் 75, ராத்திரி அட்டோர்வாஸ்டாட்டின் 10. இடுப்பு வலின்னா கடையில டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கிறார். இத்தனையும் உள்ளே போய் என்னதான் பண்ணுது? ஏன் ஒண்ணு சாப்பாட்டுக்கு முன்னால, ஒண்ணு பின்னால? கடல்ல ஒரு வேளை விட்டுப்போனா என்ன செய்யணும்? சுகர் மாத்திரை முழுசா அப்படியே வெளியே வந்துடுதுங்கிறார், அப்போ அது வேலை செய்யலையா? தம்பி புதுசா படகு ஏறுறான், குமட்டலுக்கு என்ன போடலாம்?

பதில்:

அட்டையில் 500 என்று அச்சிட்டிருப்பது மாத்திரைக்குள் இருக்கும் அளவு. உங்கள் அப்பாவின் ரத்தத்தில் எந்த நேரத்தில் எவ்வளவு நிற்கிறது என்பது தனிக் கணக்கு. குணம் தருவதும் கெடுதி செய்வதும் இந்த இரண்டாவது கணக்குதான். சாப்பாட்டுக்கு முன், பின், உடைக்காதே, சேர்த்துப் போடாதே என்று சொல்லும் நிபந்தனை எல்லாம் அந்த ரத்த அளவை ஒரு வரம்புக்குள் நிறுத்தி வைக்கத்தான். வெயிலிலும் உப்புக் காற்றிலும் ஒரு பகல் ஒரு ராத்திரி நிற்கிறவர் உடம்பில் அந்த வரம்பு சீக்கிரம் தவறும். உங்கள் பட்டியலில் எனக்கு உறுத்துவது கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக். ஏன் என்று சொல்ல, மாத்திரை போகும் வழியை முதலில் பார்த்துவிட வேண்டும்.

நம் ராமநாதபுரம் ஜில்லாக்காரர்களுக்குக் கண்மாயை வைத்துச் சொன்னால் எளிது. வரத்துக்கால் வழியே தண்ணீர் வருகிறது, மடை வழியே போகிறது. வரத்தும் போக்கும் சமமாக இருக்கிற வரை நீர்மட்டம் ஒரே இடத்தில் நிற்கும். தினமும் விழுங்கும் மாத்திரைதான் வரத்து. கல்லீரலும் சிறுநீரகமும் மடைகள். ராஜசிங்கமங்கலம் கண்மாயை நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்பார்கள். உடம்புக்குப் பெரிய மடை இந்த இரண்டுதான். ஒன்று அடைத்துக்கொண்டால் வழக்கமான வரத்துக்கே மட்டம் ஏறும்.

விழுங்கிய மாத்திரை இரைப்பையில் கரைந்து, பெரும்பாலும் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. கல்லீரலுக்குள் நுழைந்துதான் வெளியே வரும். சில மருந்துகள் அந்த முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் அழிந்துவிடும். நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது அதனால்தான். அங்குள்ள ரத்தக் குழாய்கள் கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்குப் போகின்றன, சில நிமிடத்தில் வேலை நடக்கிறது. (வைக்கும்போது உட்கார்ந்துகொள்ள வேண்டும். பிரஷர் சட்டென்று இறங்கும். ஆடுகிற படகில் நின்றுகொண்டு வைத்தால் கடலில்தான் விழுவார்.)

வயிற்றில் ஏற்கனவே என்ன கிடக்கிறது என்பதும் உறிஞ்சலை மாற்றும். கிருமிகளுக்கு எதிராகப் போடும் சிப்ரோஃப்ளாக்சசினும் டாக்ஸிசைக்ளினும் பாலில் உள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு கரையாமல் போய்விடும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு போட்டால் தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும்; எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக ஏறும். டாக்ஸிசைக்ளினில் இன்னும் இரண்டு தொல்லை உண்டு. ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுவிட்டுப் படுத்தால் உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஒரு டம்ளர் தண்ணீரும், அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருவதும் வேண்டும். அதோடு தோலை வெயில் தாங்காததாக்கிவிடும். பாசி எடுக்கப் போகிற பெண்களும் படகில் நிற்கிறவர்களும் இந்த மருந்து ஓடும் நாட்களில் முழுக்கைச் சட்டை, தலைத்துணி இல்லாமல் இறங்கினால் வெந்துபோன மாதிரி சிவக்கும்.

முழு மாத்திரை வெளியே வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். எஸ்.ஆர். என்றால் மெல்ல விடுகிற மாத்திரை. உள்ளே பசைத்தன்மையுள்ள ஒரு பொருளில் மருந்தைப் பொதிந்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் அது ஊறி வழுவழுப்பாகி, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் கசியவிடும். மருந்து போன பிறகு மிஞ்சும் கூடு சிலருக்குக் கரையாமல் மலத்தோடு வரும். நண்டு கழற்றிப் போட்ட ஓடு மாதிரிதான், உள்ளே ஒன்றும் இருக்காது. கவலைப்பட வேண்டாம், அதற்காக இன்னொன்று போடவும் வேண்டாம். இந்த வகையை உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது. பல மணி நேரத்துக்கானது ஒரே மூச்சில் இறங்கிவிடும். அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். என்று எது இருந்தாலும் இதே விதி. மேல் பூச்சு போட்ட ஆஸ்பிரினையும் பான்டோபிரசோலையும் கூட முழுசாகத்தான் விழுங்க வேண்டும். அந்தப் பூச்சு இரைப்பை அமிலத்தைத் தாண்டிக் குடலில்தான் கரையும்.

சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் என்பதில் இரண்டு விதமான காரணங்கள் உண்டு. மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடச் சொல்வது வயிற்றுப் புரட்டலும் பேதியும் குறையட்டும் என்று. கொஞ்சம் தவறினால் வயிறுதான் கஷ்டப்படும், உயிருக்கு ஒன்றும் வராது. கிளிமெபிரைட் அப்படியில்லை. அது கணையத்தின் செல்களில் உள்ள ஒரு வாசலை மூடி, இன்சுலினைப் பிடுங்கி வெளியே விடுகிறது. வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. காலையில் முதல் பெரிய சாப்பாட்டுக்குச் சற்று முன்போ அதோடோ போட வேண்டிய மாத்திரை இது. விடிவதற்குள் ஒரு கிளாஸ் டீயோடு போட்டுக்கொண்டு படகேறி, சாப்பாடு பத்து மணிக்கு என்றால், இடையில் சர்க்கரை 70-க்குக் கீழே போக வழி உண்டு. சாப்பிடாத வேளைக்கு இந்த மாத்திரை கிடையாது. வீட்டில் எல்லாரும் மனதில் வைக்க வேண்டிய விதி இது.

வலை இழுக்கும் உடலுழைப்பும் சர்க்கரையைத் தின்னும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருக்கும்போது ரத்தம் சோதித்து, சுகர் கூடியிருக்கிறது என்று மாத்திரையை ஏற்றியிருப்பார்கள். ஜூன் 15-க்குப் பிறகு அதே அளவோடு கடலேறினால் அது அதிகமாகிவிடலாம். டாக்டரிடம் போகும்போது "இப்போது தடைக்காலம், உழைப்பு இல்லை" என்று சொன்னால்தான் அவருக்குத் தெரியும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் நோன்பு வைக்கிறவர்களுக்கும் இதே சிக்கல்தான் வேறு உருவத்தில். ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே போய் வேளையை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், குளிர்ந்த வேர்வை கொட்டும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். வெயிலில் எல்லாருக்கும் வேர்க்கிறதே என்று கூட இருப்பவர்கள் விட்டுவிடுவதுதான் படகில் நடக்கும் தவறு. உடனே 15 கிராம் சர்க்கரை போக வேண்டும்: மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ சீனியோ தண்ணீரில் கலக்கி. பிஸ்கட் மெதுவாகத்தான் ஏறும், அது இரண்டாவது. 15 நிமிடம் கழித்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் சோறோ பிஸ்கட்டோ சாப்பிட்டாக வேண்டும், ஏனென்றால் மாத்திரையின் வேலை ஒரு நாள் முழுக்க நீளும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போகும். குடித்திருந்தால் ஆபத்து இரட்டிப்பு. புதிதாகக் குளுக்கோஸ் உண்டாக்கும் கல்லீரலின் வேலையைச் சாராயம் நிறுத்திவிடும், தள்ளாட்டத்தைப் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பிரஷருக்கு அட்டெனலால் மாதிரி மாத்திரை போடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் அமுங்கிப்போகும். வேர்வைதான் முக்கிய அடையாளமாக மிஞ்சும்.

ரத்தத்தில் ஏறிய மருந்து உடம்பெங்கும் பரவும், ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போகாது. மூளைக்கு ஒரு காவல் உண்டு. கொழுப்பில் கரைகிற மருந்து எளிதாக நுழையும். சளிக்குப் போடும் பழைய மாத்திரையான குளோர்பெனிரமைன் நுழைந்து தூங்க வைக்கும். செட்டிரிசின் அவ்வளவாக நுழையாது. தம்பியின் குமட்டலுக்குப் போடக்கூடிய அவோமின் நன்றாக நுழைகிற வகை, அதனால்தான் குமட்டலை நிறுத்துகிறது. குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வாந்தியோடு வெளியே வந்துவிடும். 25 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால், அல்லது முந்தின ராத்திரி படுக்கும்போது போட வேண்டும். தூக்கக் கலக்கம் மறுநாள் வரை இருக்கும், வாய் உலரும், வேர்வையும் குறையும். வேர்வை குறைவது நல்லது என்று தோன்றும். ஆனால் கடல் வெயிலில் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள அதுதான் முக்கிய வழி. முதல் சில நாள் கச்சான் காற்றில் போட்டுக்கொள்ளட்டும், ஆனால் அன்று சுக்கானோ விஞ்சோ அவன் கையில் கொடுக்கக் கூடாது. குடியோடு சேர்க்கவே கூடாது.

மருந்து எதைத் தொட்டு வேலை செய்கிறது என்றால், செல்களின் மேல் ஏற்பிகள் என்று உண்டு. உடம்பின் சொந்தச் சுரப்புகள் வந்து உட்காரும் இடம். உட்கார்ந்து வேலையைத் தொடங்கி வைக்கிற மருந்து ஒரு வகை. மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் அப்படி. உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொண்டு, வர வேண்டியவரை வரவிடாமல் செய்வது இன்னொரு வகை, டெல்மிசார்டன் அதுதான். ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் வந்து பார்த்தால் இடம் காலியில்லை, குழாய் சுருங்குவதில்லை, பிரஷர் இறங்குகிறது. சால்பியூட்டமால் பற்றி ஒரு கணக்கு: பம்ப்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம், மாத்திரையில் 2 முதல் 4 மில்லிகிராம், அதாவது 20 முதல் 40 மடங்கு. பம்ப் பழகிவிடும் என்று பயந்து மாத்திரை கேட்கிறவர்கள், சின்ன அளவைக் கொடுத்துவிட்டுப் பெரிய அளவை வாங்குகிறார்கள். கை நடுக்கமும் படபடப்பும் அதற்கான வட்டி.

ஆஸ்பிரினின் கதை தனி. அது ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவில் உள்ள நொதியின் மேல் ஒட்டிக்கொண்டால் பிரிவதில்லை. மருந்தே ரத்தத்தில் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஆனால் கெட்டுப்போன தட்டணு தன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை கெட்டபடியேதான் இருக்கும். ஒரு நாள் விட்டுப்போனால் அதனால் பெரிய நட்டமில்லை. பல் பிடுங்கப் போகிறேன் என்று தானாக ஒரு வாரம் நிறுத்தினால் பாதுகாப்பு முழுக்கப் போய்விடும். நிறுத்துவதா என்பதை எழுதிக்கொடுத்த டாக்டர் சொல்லட்டும். இதற்கு முன்னால் வலி மாத்திரையான ஐபுபுரோஃபென் போட்டிருந்தால் அது அந்த நொதியின் வாசலில் நின்றுகொண்டு ஆஸ்பிரினை ஒட்டவிடாது.

அரை ஆயுள் என்ற சொல் மருந்துப் பேச்சில் அடிக்கடி வரும். ரத்தத்தில் உள்ள அளவு பாதியாகப் பிடிக்கும் நேரம். ஒரு அரை ஆயுளில் 50 சதவீதம் மிச்சம், இரண்டில் 25, மூன்றில் 12.5, ஐந்தில் ஏறக்குறைய 3. பாராசிட்டமாலுக்கு 2 முதல் 3 மணி நேரம். அதனால்தான் ஆறு மணி நேரத்தில் காய்ச்சல் திரும்புகிறது. அமாக்சிசிலினுக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டி, அதனால் நாளைக்கு மூன்று வேளை. அசித்ரோமைசினுக்கு 68 மணி நேரம், அதனால் மூன்று நாள் போட்டு நிறுத்தினாலும் மருந்து உள்ளே தொடர்ந்து வேலை செய்யும். டெல்மிசார்டனுக்கு 24 மணி நேரம். அம்லோடிபினுக்கு 30 முதல் 50. நிறுத்தும்போது இறங்குகிற இதே கணக்குதான் தொடங்கும்போது ஏறவும்: கண்மாய் மட்டம் நிலைக்க ஐந்து அரை ஆயுள் வேண்டும். அம்லோடிபின் தொடங்கி மூன்றாம் நாள் பிரஷர் பார்த்துவிட்டு "கேட்கவில்லை" என்று டாக்டரை மாற்றுகிறவர்கள் ஒரு வாரம் பொறுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

விட்டுப்போன வேளைக்கும் விடை இங்கேதான். பிரஷர் மாத்திரையை அன்றைக்குள் நினைவு வந்தால் போடலாம். மறுநாள் வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரு நாள் தவறினாலும் டெல்மிசார்டன் பாதி உள்ளே நிற்கிறது. கிளிமெபிரைட்டைக் காலையில் மறந்தால் ராத்திரி ஈடுகட்டக் கூடாது, தூக்கத்தில் சர்க்கரை இறங்கும். எதையும் இரண்டாகப் போடுவது கிடையாது. கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டினை ராத்திரிதான் போட வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அதன் வேலை ஒரு நாளுக்கு மேல் நீளும், ராத்திரி மறக்கிறவர் காலையில் மற்றவற்றோடு போடலாமா என்று கேட்டு மாற்றிக்கொள்ளலாம். சீட்டில் ஓ.டி. என்றால் நாளைக்கு ஒன்று, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். 1-0-1 என்றால் காலையும் ராத்திரியும்.

இனி மடைகள். கல்லீரல் மருந்தை உருமாற்றித் தண்ணீரில் கரைவதாக ஆக்கும். அந்த வேலையில் சில சமயம் நஞ்சும் பிறக்கும். பாராசிட்டமாலில் சிறு பங்கு அப்படி நஞ்சாகிறது. குளூட்டாத்தயோன் என்ற பொருள் அதைப் பிடித்து அடக்குகிறது. பட்டினியும் நாள்பட்ட குடியும் அந்தக் கையிருப்பைக் குறைக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாள் உச்சம் 4 கிராம், 650 மாத்திரையில் ஆறு. மெலிந்தவர், குடிப்பவர், காய்ச்சலில் சாப்பிடாமல் கிடப்பவர் 2 கிராமோடு நிறுத்த வேண்டும். சளி மாத்திரை, வலிக்கான கூட்டு மாத்திரை பலவற்றில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.

காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் கல்லீரல் மடையை அகலத் திறந்துவிடும். கருத்தடை மாத்திரை, சுகர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் அசிட்ரோம் எல்லாம் வேகமாக அழிந்து வலுவிழக்கும். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது பயப்பட வேண்டியதில்லை. அதன் கூட்டாளி ஐசோனியசிட்டுக்கு நம் கரைக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு. சூரை மீன் போன்றவை சரியாக ஐஸில் வைக்காவிட்டால் சதையில் ஹிஸ்டமின் ஏறும். அதை உடைக்கும் நொதியை ஐசோனியசிட் தடுத்துவிடுவதால், மற்றவர்க்கு ஒன்றும் செய்யாத மீன் இவருக்கு முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்க வைக்கும். சமைப்பதால் ஹிஸ்டமின் போகாது. மருந்து ஓடும் மாதங்களில் சூரையை ஒதுக்கிவிட்டு வேறு புது மீன் சாப்பிடுவது நல்லது. இதற்காக மருந்தை நிறுத்துவது மட்டும் கூடாது.

இப்போது டைக்ளோஃபெனாக். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் உள்ளே வர ஒரு மடை, வெளியே போக ஒரு மடை. நடுவில் அழுத்தம் இருந்தால்தான் வடியும். உடம்பில் நீர் குறையும்போது உள்மடையைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வெளிமடையைக் குறுக்கி அழுத்தத்தைத் தக்கவைப்பது ஆஞ்சியோடென்சின். டைக்ளோஃபெனாக் வலியைக் குறைப்பதே புரோஸ்டாகிளாண்டினை நிறுத்தித்தான், ஆகவே உள்மடை குறுகுகிறது. டெல்மிசார்டன் வெளிமடையைத் தளர்த்துகிறது. ஹைட்ரோகுளோரோதையசைடு உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது, வெயில் மிச்சத்தை வேர்வையாக எடுக்கிறது. மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் வடிகட்டி நின்றுபோகும். டெல்மிசார்டன் தனியாக இருக்கும்போது சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிற மருந்து. கெடுப்பது இந்தச் சேர்க்கைதான். கூடவே ஆஸ்பிரினும் இருப்பதால் இரைப்பையில் ரத்தக் கசிவு வரவும் வழி. ஊசியாகப் போட்டால் வயிற்றைக் கெடுக்காது என்பது தப்பு. இரைப்பையின் பாதுகாப்புப் படலம் ரத்தத்தில் வரும் மருந்தாலேயே மெலிகிறது, வாய் வழி வந்ததா ஊசி வழி வந்ததா என்பதில் வித்தியாசமில்லை.

சிறுநீரக மடை அடைத்தால் அடுத்து மட்டம் ஏறுவது மெட்ஃபார்மின். அதைக் கல்லீரல் தொடுவதே இல்லை, உருமாறாமல் முழுக்கச் சிறுநீரில்தான் போகிறது. தேங்கினால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும். அரிது, ஆனால் வந்தால் உயிர்க்கண்டம். பொட்டாசியமும் தேங்கும். டெல்மிசார்டன் ஏற்கனவே அதை வெளியேறவிடாமல் பிடிக்கிற மருந்து. இளநீர் ஒரு டம்ளரில் 400 முதல் 600 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஒன்று குடிப்பதில் குறையில்லை. கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிக்காவிட்டால் ரத்தத்தில் தேங்கும் கழிவு) ஏறியவருக்கு அது குளிர்ச்சி தருகிற பானமாக இருக்காது, இதயத் துடிப்பு தவறும்.

ஆகவே இடுப்பு வலிக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650, ஆறு மணி நேர இடைவெளியில். அது போதாவிட்டால் டைக்ளோஃபெனாக் களிம்பு; தோலில் தடவினால் மாத்திரையோடு ஒப்பிட 6 சதவீதம் அளவுதான் ரத்தத்தில் ஏறும். ஒரு பகல் ராத்திரிக்கு ஆளுக்கு நாலு, ஐந்து லிட்டர் தண்ணீர் படகில் இருக்கட்டும். நீராகாரம் நல்லதுதான், பழைய சோற்றோடு கருவாடு வேண்டாம். அந்த உப்பு பிரஷர் மாத்திரையின் வேலையைக் கரைத்துவிடும். எழுந்தால் கண் இருட்டுவது, சிறுநீர் குறைந்து கறுத்த டீ நிறத்தில் போவது, இரண்டும் நீர் வற்றிய அடையாளம். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் என்று சாப்பிடவும் குடிக்கவும் முடியாத நாளில் மெட்ஃபார்மினையும் பிரஷர் மாத்திரையையும் தேறும் வரை நிறுத்தச் சொல்வதுதான் பொதுவான வழக்கம். எவற்றை, எத்தனை நாள் என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி வையுங்கள். ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், குறைத்தால் உப்பு அதிகமாகும். கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்த்து எத்தனை மாதமாகிறது என்றும் அப்போதே கேளுங்கள்.

இதே மடைக் கணக்கு லித்தியம் போடுகிறவர்களுக்கு இன்னும் கடுமை. ஏர்வாடிப் பக்கம் மனநல சிகிச்சையில் இருப்பவர்களின் வீட்டார் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தத்தில் 0.6 முதல் 1.0 வரை மருந்து, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு, இடைவெளி அவ்வளவுதான். சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியம் என்று நினைத்துக் கையாளுகிறது. வேர்வையில் உப்பு போனால் சோடியத்தைச் சேமிக்கிற வேகத்தில் லித்தியத்தையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக், ஹைட்ரோகுளோரோதையசைடு இரண்டும் அதை இன்னும் ஏற்றும். கை நடுக்கம் கூடினால், நடை தள்ளாடினால், பேதியும் வாந்தியும் சேர்ந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரி.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றால், ஒன்றைக் கவனியுங்கள். கம்பெனி மாறினால் நிறமும் வடிவமும் மாறும். பழைய வெள்ளை மாத்திரையும் புது மஞ்சள் மாத்திரையும் ஒரே டெல்மிசார்டனாக இருக்கும். இரண்டையும் போட்டுத் தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. பெரிய எழுத்தில் உள்ள வணிகப் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிடுங்கள்.

படகில் வைக்கிற விதம்: அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். கடற்காற்றின் ஈரம் பட்டால் ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமுமாக உடையும். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது கெட்டுவிட்டது, தேதி மீதி இருந்தாலும். மருந்துகள் பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொன்னவை. இன்ஜின் பக்கமும் வீல் ஹவுஸ் கண்ணாடி ஓரமும் அதைவிட எவ்வளவோ சூடு. ஒரு நாளுக்கு வேண்டியதை மட்டும், காலாவதித் தேதி தெரிகிற மாதிரி அட்டையோடு வெட்டி, இறுக்கமான மூடியுள்ள சின்ன டப்பாவில், நிழலில். அதிலேயே குளுக்கோஸ் பொடியும். பின்னால் இன்சுலினுக்கு மாற நேர்ந்தால், அதை மீன் ஐஸில் புதைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்கத் தெளிவாகவே இருக்கலாம், வேலை செய்யாது. துணியில் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாமல், இன்னொரு டப்பாவுக்குள் வைத்தால் போதும்.